பின்னே வரும் கைகள்

கடல் கடந்து சென்று கற்பது தமிழர்க்குப் புதிதன்று. இன்று சிற்றூர்களிலிருந்தும் மாணவர் பலர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். பெட்டியில் எவற்றை வைப்பது என்று வீட்டார் அனைவரும் கூடிப் பேசுகின்றனர். செல்லும் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு செல்ல வேண்டும் என்ற பேச்சு அரிதாகவே எழுகிறது. கெங்கவல்லியில் ஓர் உழவர் வீட்டில் அந்தப் பேச்சை ஒரு விளையாட்டுத் திடல் தொடங்கிவைத்தது.

28 நாள்

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், பச்சைமலையை அடுத்த சமவெளியில், சுவேத நதியின் கரையில் அமைந்த ஊர் கெங்கவல்லி. மழைக்காலத்தில் நீரோடிக் கோடையில் மணலாய்க் கிடக்கும் அந்த ஆற்றை மட்டும் நம்பி உழவு செய்ய இயலாது. கிணற்று நீரைக் கொண்டே அங்கு மரவள்ளியும் மக்காச்சோளமும் பாக்கும் விளைகின்றன. மரவள்ளியை அப்பகுதி மக்கள் குச்சிக்கிழங்கு என்பர். அறுவடையான கிழங்கு சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகவும் மாவாகவும் மாறும்.

அவ்வூரில் மூன்று ஏக்கர் நிலமுடைய ஓர் உழவரின் மகள், பத்து வயதில் தந்தையுடன் ஆலைக்குச் சென்றாள். ஒரே எடையுள்ள இரண்டு வண்டிக் கிழங்குக்கு இரு வேறு விலை சொன்னார்கள். காரணம் கேட்டபோது, கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவை வைத்தே விலை என்றும், அந்த அளவைப் 'பாயிண்ட்' என்று சொல்வார்கள் என்றும் தந்தை விளக்கினார். “நம்ம கிழங்குல ஏன் பாயிண்ட் கம்மி?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். தந்தைக்கு விடை தெரியவில்லை. அந்த வினாவே அவளைக் கோயம்புத்தூருக்கு வேளாண்மை படிக்க அனுப்பியது. இளநிலைப் பட்டம் பெற்ற பின்னர், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பயிர் அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது.

வங்கி கல்விக்கடன் தர ஒப்புக்கொண்டது. அது கல்விக் கட்டணத்திற்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. தங்கும் செலவுக்கான தொகையை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் வைத்திருந்து காட்ட வேண்டும் என்பது பிரித்தானிய மாணவர் விசாவின் விதிகளுள் ஒன்று. நகையை அடகு வைத்தும், பாக்குத் தோப்பின் விளைச்சலை முன்கூட்டியே குத்தகைக்கு விட்டும் தந்தை அத்தொகையைச் சேர்த்தார். நாள்காட்டியில் நாள்தோறும் ஒரு கோடு இட்டுக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் கோடு இட்ட அன்று, கிணற்று மோட்டாரின் காயில் கருகியது. பழுது பார்க்கப் பணம் வேண்டும். கணக்கில் பணம் இருந்தது. ஆனால், அதில் கைவைத்துத் தொகை குறைந்தால் 28 நாளும் முதலிலிருந்து தொடங்கும். வெயில் காய்ந்தது. வரப்புக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரிடமும் ஒன்றும் கேட்டறியாதவர் என்று ஊரில் பெயரெடுத்த அவர், அன்றும் கேட்கவில்லை. எஞ்சிய நாள்களில் கிழங்குச் செடியின் இலைகள் பழுத்து உதிர்ந்தன. 28ஆம் கோடு இட்ட பிறகே மோட்டார் பழுது பார்க்கப்பட்டது.

பின்னர்ச் செய்தி அறிந்த பக்கத்துத் தோட்டக்காரர் வருந்தினார். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு தடவை தண்ணி கட்டியிருக்கலாமே, அண்ணே!” என்றார். தந்தை சிரித்து மழுப்பினார். இவை எவற்றையும் மகளிடம் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

போர்வையின் கதை

பயணத்திற்கான ஏற்பாடுகள் தொடங்கின. காசநோய்ப் பரிசோதனைச் சான்று, கடவுச்சீட்டு, சான்றிதழ் நகல்கள் ஆகியவை ஒரு கோப்பில் அடுக்கப்பட்டன. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் என்று தாய் ஒரு பக்கம் கட்டிவைத்தார். ஒரு பெட்டியில் 23 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், மளிகைக் கடைத் தராசுக்கும் வீட்டுக்குமாகப் பெட்டி நான்கு முறை பயணம் செய்தது. ஒவ்வொரு முறையும் புத்தகம் ஒன்று வெளியே வந்தது. பொடி டப்பா ஒன்று உள்ளே சென்றது.

மகளுக்குப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவளை வாழ்த்த வந்தார். பெட்டியைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, கணிதமேதை இராமானுசன் இங்கிலாந்து சென்ற கதையைச் சொல்லத் தொடங்கினார்.

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுசன். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தபோது, கடல் கடந்து செல்லக் கூடாது என்ற அக்கால வழக்கம் குறுக்கே நின்றது. அவருடைய தாயார், நாமக்கல்லில் கோயில் கொண்ட நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனைத் தடுக்க வேண்டா என்று சொன்னதாகக் கூறி இசைவளித்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. நண்பர்கள் அவரைப் பயணத்திற்கு ஆயத்தப்படுத்தினர். குடுமி களையப்பட்டது. மேலைநாட்டு உடை தைக்கப்பட்டது. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்னும் கப்பலில் அவர் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

“எல்லாம் கத்துக்கொடுத்தாங்க. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு” என்று ஆசிரியர் சற்று நிறுத்தினார்.

கேம்பிரிட்ஜில் குளிர்காலம் வந்தது. அங்குப் பயின்றுவந்த பிரசந்த சந்திர மகலனோபிசு, ஒருநாள் இராமானுசனின் அறைக்குச் சென்றார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அறிஞர் அவரே. கணப்படுப்பின் அருகே ஒடுங்கி அமர்ந்திருந்த இராமானுசனிடம், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று கேட்டார். மேலங்கியை அணிந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்வதாக இராமானுசன் கூறினார். மகலனோபிசு படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிப் போர்வைகள் பல இருந்தன. அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியவில்லை. அத்தனை நாளும் போர்வைகளின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்த தந்தை, “அடடா! பக்கத்து அறையில யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!” என்றார்.

சமையலறை வாயிலில் நின்ற அவருடைய மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். தந்தை பேச்சை மாற்றினார்.

சென்னைப் பயணம்

மகள் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, சென்னையில் மாநில அளவிலான பெண்கள் ரக்பிப் போட்டி நடைபெறுவதாகச் செய்தி வந்தது. பள்ளியில் கபடி ஆடியவள் அவள். கோயம்புத்தூரில் அவளது வேகத்தைக் கண்ட பயிற்சியாளர் ஒருவர் அவளை ரக்பி அணியில் சேர்த்திருந்தார். அந்த அணியில் அவள் ஆடப்போகும் கடைசிப் போட்டி இது.

தாய்க்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. “ஏங்க, இந்த நேரத்துல கை கால் முறிஞ்சா என்ன பண்றது? நீங்களாவது போய்ச் சொல்லுங்க” என்றார். மகளை ஆடவிடாமல் தடுத்து அழைத்துவரும் எண்ணத்துடனேயே தந்தை ஆத்தூரில் பேருந்து ஏறினார். கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னை சென்று சேர்ந்தபோது விடிந்திருந்தது. திடலை அடைந்தபோது அவளது அணி முதல் ஆட்டத்தில் வென்றிருந்தது. முழங்காலில் சேறும் முகத்தில் சிரிப்புமாக ஓடிவந்த மகளைக் கண்டதும், சொல்ல வந்த சொல் அவருக்கு வரவில்லை.

ரக்பி என்பது ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு அருகே உள்ளது அவ்வூர். 1567இல் தொடங்கப்பட்ட பள்ளி ஒன்று அங்கு உண்டு. 1823இல் கால்பந்து ஆட்டத்தின் நடுவே வில்லியம் வெப் எல்லிசு என்ற மாணவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்றும், அதிலிருந்தே இவ்விளையாட்டுப் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. 1845இல் அப்பள்ளி மாணவர்கள் விளையாட்டின் விதிகளை முதன்முதலாக எழுதிவைத்தனர் என்பதே வரலாறு. அணிக்கு எழுவர் ஆடும் சிறு வடிவம், 1883இல் இசுகாட்லாந்தின் மெல்ரோசு என்ற ஊரில் தோன்றியது. அவ்வடிவம் 2016இல் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. பாதி ஆட்டத்திற்கு 7 நிமிடம். முட்டை வடிவப் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்று தரையில் ஊன்றினால் 5 புள்ளி. அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மேலும் 2 புள்ளி.

தெரிந்து தெளிவோம்
ரக்பி விளையாட்டின் பழம்பெரும் பரிசுகளுள் ஒன்று 'கல்கத்தா கோப்பை'. கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ரக்பிக் கழகம் கலைக்கப்பட்டபோது, வங்கியில் எஞ்சியிருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாய்களாகப் பெற்று, உருக்கி, 1878இல் இக்கோப்பையைச் செய்தனர். கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள். மூடியின் மேல் ஒரு யானை. 1879 முதல் இங்கிலாந்தும் இசுகாட்லாந்தும் இக்கோப்பைக்காக ஆடிவருகின்றன.

இந்திய மண்ணில் இவ்விளையாட்டு நெடுங்காலம் நகரக் கழகங்களுக்குள்ளேயே இருந்தது. 2007இல் அந்நிலையை மாற்றிக் காட்டியவர்கள் ஒடிசாவின் பழங்குடிச் சிறுவர்கள். புவனேசுவரத்திலுள்ள கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் பயின்ற அவர்கள், சில மாதப் பயிற்சியுடன் இலண்டன் சென்று, 14 வயதுக்குட்பட்டோருக்கான பன்னாட்டுப் பள்ளி ரக்பிப் போட்டியில் தென்னாப்பிரிக்க அணியை வென்று கோப்பையுடன் திரும்பினர்.

தனியே ஓடியவள்

அரையிறுதி ஆட்டம் தொடங்கியது. இளமையில் ஊர்க் கபடி அணியில் ஆடிய தந்தைக்கு, ஆட்டத்தின் ஒரு பாதி உடனே விளங்கியது. ஓடுபவரின் தொடையைக் கட்டி வீழ்த்துவது அவர் அறிந்த பிடிதான். மறுபாதி விளங்கவில்லை. பந்தைக் கையில் வைத்திருப்பவள் முன்னோக்கி ஓடுகிறாள். ஆனால், பந்தைப் பின்னால் வருபவளிடம் எறிகிறாள்.

“முன்னால இருக்கற பொண்ணுகிட்ட ஏன் போடமாட்டேங்கறாங்க?” என்று அருகிலிருந்த பெண்மணியிடம் கேட்டார். அவர் எதிரணியில் ஆடிய ஒரு பெண்ணின் தாய்.

“முன்னாடி எறியக் கூடாதுண்ணா. பக்கவாட்டிலயோ பின்னாடியோதான் தரணும். கீழே விழுந்துட்டா பந்தைக் கையில வெச்சுக்கவும் கூடாது, உடனே விட்டுடணும். பின்னாடி வர்றவங்க எடுத்துக்குவாங்க” என்று அவர் விளக்கினார்.

அப்போது பந்து மகளின் கைக்கு வந்தது. அவள் ஓடினாள். ஒருத்தியைத் தாண்டினாள், மற்றொருத்தியை ஏமாற்றி விலகினாள். தந்தை தம்மையறியாமல் எழுந்து நின்றார். அவளுக்குப் பின்னே இருபுறமும் அவளது அணியினர் இருவர் கைகளை நீட்டியபடி, குரல் கொடுத்துக்கொண்டே வந்தனர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுக்குச் சில அடி தொலைவில் இருவர் அவளை வீழ்த்தினர். விழுந்த பின்னரும் அவள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். நடுவர் ஊதினார். தவறு அவளுடையது. பந்தைப் பெற்ற எதிரணி மறுமுனை வரை சென்று புள்ளி எடுத்தது. பாதி ஆட்டத்தில் 7–0.

“நல்லா ஓடுது உங்க பொண்ணு. ஆனா, யாரையும் கேக்காம ஓடுது” என்றார் அந்தப் பெண்மணி.

தந்தை அமர்ந்தார். கபடியில் பாடிச் செல்பவர் தனியே செல்கிறார். தம் மூச்சை மட்டுமே நம்பி எதிரணிக்குள் புகுந்து மீள்கிறார். அவர் ஆடிய ஆட்டம் அது. வாழ்வையும் அவ்வாறே ஆடிவந்திருக்கிறார். மகளுக்கும் அதையே, சொல்லாமலேயே, கற்றுக்கொடுத்திருப்பது அப்போது அவருக்குத் தோன்றியது. உதிர்ந்த கிழங்கு இலைகள் நினைவுக்கு வந்தன.

இரண்டாம் பாதியின் இறுதி நிமிடத்தில் மீண்டும் பந்து அவளிடம் வந்தது. இம்முறையும் ஓடினாள். இருவர் அவளை நோக்கிப் பாய்ந்தனர். விழுவதற்கு முன் அவள் தலையைத் திருப்பினாள். இடப்புறம் பின்னே ஓடிவந்த குள்ளமான பெண்ணொருத்தியின் கைகளில் பந்தைச் சேர்த்துவிட்டு, அவள் விழுந்தாள். அந்தப் பெண் எவரும் தடுக்காத வெளியில் ஓடிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினாள். அடுத்து உதைத்த பந்து கம்பத்திற்கு வெளியே சென்றது. 7–5 என்ற கணக்கில் அவளது அணி தோற்றது.

சொல்லாமல் வைத்திருந்தவை

இரவுப் பேருந்தில் தந்தையும் மகளும் அருகருகே அமர்ந்திருந்தனர். அவளது முழங்கையில் கட்டு ஒன்று இருந்தது. வண்டி விழுப்புரத்தைத் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு, சன்னலைப் பார்த்தபடி அவள் சொன்னாள்.

“அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா.”

விசா வந்த நாள் முதல் அவள் வீட்டில் அழுததில்லை. அஞ்சியதாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. ஆங்கிலத்தில் பேராசிரியர் வேகமாகப் பேசினால் விளங்குமா, கடனை எப்போது அடைப்பது, தோற்றுத் திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்று இரவெல்லாம் எண்ணியதாக இப்போது சொன்னாள். தான் அஞ்சுவது தெரிந்தால் தந்தை மனம் உடைந்துபோவார் என்று மறைத்ததாகவும் கூறினாள்.

தந்தை உடனே ஆறுதல் சொல்லவில்லை. மோட்டார் கருகியதையும், தாம் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கேட்காததையும் சொன்னார். நகை அடகில் இருப்பதையும் சொன்னார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“இதை ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?”

“நீ சொன்னியா, கண்ணு?”

இருவரும் சிரித்தனர். அவள் கண் கலங்கியிருந்தது. அதன்பின் அவர் ஒன்று கேட்டார். அதிக மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றோ, விரைவில் வேலைக்குச் செல்ல வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை.

“போன் பண்ணும்போது 'நல்லா இருக்கேன்'னு சும்மா சொல்லாதே, சாமி. நல்லா இருந்தா சொல்லு. குளுந்தா குளுருதுன்னு சொல்லு. எனக்குச் சொன்னா நான் என்ன பண்ண முடியும்னு நினைக்காதே. அங்க பக்கத்துல இருக்கறவங்ககிட்டயும் கேளு.”

“நீங்களும் அப்படித்தான் சொல்லணும்” என்றாள் அவள். அவர் தலையசைத்தார்.

செப்டம்பரில் ஒருநாள் அவள் சென்னை விமான நிலையத்திலிருந்து புறப்பட்டாள். கடைசி முறை நிறுத்தபோது பெட்டி 22 கிலோ 800 கிராம் இருந்தது. முழங்கையின் கட்டு அவிழ்ந்திருந்தது.

அக்டோபர் இறுதியில் இங்கிலாந்தில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவைப்பார்கள். நான்கரை மணி நேரமாக இருந்த வேறுபாடு ஐந்தரை ஆகிவிட்டதை மறந்து தாய் காத்திருந்த ஒருநாள், தாமதமாகவே அழைப்பு வந்தது. தந்தை எடுத்தார்.

“அப்பா, குளிருதுப்பா” என்றாள் மகள். “ரூம்ல ஹீட்டர் வேலை செய்யல. ரெண்டு நாளா ஸ்வெட்டரைப் போட்டுட்டே தூங்கினேன். யார்கிட்டக் கேக்கறதுன்னு கூச்சமா இருந்துச்சு. இன்னிக்குப் பக்கத்து ரூம் பொண்ணுகிட்டக் கேட்டுட்டேன். சுவத்துல இருக்கற ஒரு குமிழைத் திருப்பணுமாம். அவ்வளவுதான்!”

“ரெண்டு நாள் லேட்டு” என்றார் தந்தை.

“சரி, அங்க எப்படி இருக்கு? நிஜமாச் சொல்லுங்க.”

அவர் சிறிது தயங்கினார். “கிழங்கு இந்த வருசம் கொஞ்சம் சிறுத்துத்தான் போச்சு. அடுத்த வாரம் பிடுங்கணும். ஆள் கிடைக்கல.”

“யாரையாவது கேட்டீங்களா?”

பேசி முடித்த பிறகு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கே செல்கிறீர்கள் என்று மனைவி கேட்கவில்லை. பொழுது சாயும் வேளையில், வரப்பைக் கடந்து அவர் பக்கத்துத் தோட்டத்தை நோக்கி நடந்தார்.